காக்டெயில் ஜோடியும் ஒரு சமையலறைத் தராசும்

2024 மார்ச் 9, விடிகாலை 5.50. நோட்டில் அன்றைக்கு எழுதியிருப்பது இவ்வளவுதான்: "மஞ்சு கூண்டின் தரையில். உடம்பெல்லாம் உப்பியிருக்கிறது. வால் ஏறி இறங்குகிறது. எடை 105."

மஞ்சு எங்கள் வீட்டுப் பெண் காக்டெயில், கொண்டை வைத்த சின்னக் கிளி இனம். லுட்டினோ வகை. சாம்பல் நிறமே இல்லாத வெளிர்மஞ்சள் உடம்பு, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, சிவப்புச் சாயல் கண். வழக்கமான எடை 94 கிராம். காலையில் கூண்டுத் துணியை விலக்கினால் மேல்கம்பில் இருந்தபடியே கொண்டையை நிமிர்த்தி ஒரு குரல் கொடுக்கும். அன்றைக்குக் கால்களை அகட்டி, மூலையைப் பார்த்து, தரையில் உட்கார்ந்திருந்தது. விரலை நீட்டினேன். ஏறவில்லை. கையில் எடுத்தபோது வயிற்றின் அடிப்பக்கம் உருண்டையாகத் தட்டுப்பட்டது. முட்டை இறங்காமல் சிக்கியிருக்கிறது.

அந்தக் காலை வரை வந்து சேர்ந்த வழியையும், அதற்குப் பிறகு நாங்கள் மாற்றிக்கொண்டதையும் நோட்டைப் பார்த்து எழுதுகிறேன். ஜோடி வாங்கி முட்டைப்பெட்டி மாட்டப் போகிறவர்கள் யாராவது மாட்டுவதற்கு முன்னால் இதைப் படித்தால் நல்லது.

தொடக்கம் 2022 ஜூன். திருச்சி உறையூரில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கு பார்த்த வராந்தா ஒன்று உண்டு. மகள் பறவை வேண்டும் என்றாள். அம்மா உடனே, "கிளி வாங்கிட்டு வாயேன், பேசும்" என்றார். பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று அவருக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. அவர் சின்ன வயதில் தெருவுக்கு நாலு வீட்டில் கிளிக்கூண்டு தொங்கியிருக்கிறது. காக்டெயில் கதை வேறு. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடுதான் அதன் பூர்வீகம். காக்கட்டூ என்னும் கொண்டைக்கிளிக் குடும்பத்திலேயே சின்னது. அந்த நாடு 1960-லேயே தன் பறவைகளை ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. இன்று நம் ஊரில் இருப்பவை எல்லாம் பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் இருக்கும். இதை மகளிடம் சொல்லித்தான் வாங்கினோம். "அப்ப நான் வேலைக்குப் போறப்பவும் இருக்குமாப்பா?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன்.

கடையில் "ஜோடி சார், கன்ஃபார்ம் ஜோடி" என்று இரண்டு லுட்டினோக்களைக் கொடுத்தார்கள். மஞ்சு, பொன்னி என்று பெயர் வைத்தோம். இரண்டும் ஒன்றின் தலையை ஒன்று கோதிவிடும், ஒட்டி உட்காரும். ஜோடிதான் என்று நாங்களும் நம்பினோம். டிசம்பரில் பெட்டி மாட்டியதும் முட்டை வந்தது. ஒன்று, மூன்று, ஐந்து. ஒன்பதில் போய் நின்றது. காக்டெயில் ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை இடும். ஒரு ஈட்டுக்கு நாலு முதல் ஆறு வரை சாதாரணம். ஒரே நாளில் இரண்டு முட்டை வந்த அன்றே விஷயம் புரிந்திருக்க வேண்டும். பத்து நாள் கழித்து இருட்டறையில் ஃபோன் டார்ச்சில் வைத்துப் பார்த்தேன். ஒன்பதிலும் ஒரு நரம்புகூட இல்லை. எல்லாம் கூமுட்டை. சேவல் இல்லாமலேயே இரண்டு பெட்டைகளும் முட்டை இட்டிருந்தன.

சாம்பல் நிறக் காக்டெயிலில் ஆண் பெண் பார்ப்பது சுலபம். ஆறு மாதத்துக்கு மேல் முதல் இறகு உதிர்ந்து முளைத்ததும் ஆணின் முகம் பளிச்சென்று மஞ்சளாகிவிடும். பெண்ணுக்கு முகம் மங்கலாகவே இருக்கும், வாலின் அடியில் குறுக்குக் கோடுகள் மறையாமல் இருக்கும். லுட்டினோவில் இந்த முகவித்தியாசம் தெரியாது. ஆனால் வாலை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் வளர்ந்த பெட்டையின் வாலடியில் மஞ்சள் மேல் மஞ்சளாக மெல்லிய கோடு தெரியும். மஞ்சுவுக்கும் தெரிந்தது, பொன்னிக்கும் தெரிந்தது. இதைவிட நம்பகமானது குரல். ஆண் பாட்டுப்போல விசில் அடிக்கும், அலகால் மரத்தைத் தட்டும், தோளை உடம்பிலிருந்து லேசாக விலக்கிக்கொண்டு நடைபோடும். பெட்டை பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் கத்தும். எங்கள் இரண்டும் ஆறு மாதத்தில் ஒருநாளும் விசில் அடித்ததில்லை.

பொன்னியை என் தங்கை கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் வீட்டில் தனியாக இருந்த ஓர் ஆணுக்கு அது துணை. 2023 பிப்ரவரியில் நான் ஒரு வளர்ப்பாளரிடமிருந்து சாம்பல் நிற ஆண் ஒன்று வாங்கினேன். பெயர் சாம்பு. வயது ஒன்றரை. வந்த அன்றே மஞ்சுவோடு விடாமல் முப்பது நாள் பின்கட்டு அறையில் தனியாக வைத்தேன். எச்சம், மூக்கு, கண், பசி எல்லாவற்றையும் தினம் குறித்துக்கொண்டேன். முதலில் மஞ்சுவுக்குத் தண்ணீர் வைத்து, கடைசியில் சாம்புவிடம் போய், பிறகு கை கழுவுவது என்று ஒழுங்கு வைத்திருந்தேன். அந்த முப்பது நாளும் இரண்டும் சுவர் தாண்டிப் பேசிக்கொண்டன. பகலில் சாம்பு விசில் அடித்தால் மஞ்சு வராந்தாவிலிருந்து பதில் கொடுக்கும்.

அந்தச் சமயத்தில்தான் தராசு வாங்கினேன். ஒரு கிராம் வரை காட்டும் சாதாரண சமையலறைத் தராசு. அதன் மேல் ஒரு சின்னக் கம்பைப் பசை போட்டு நிறுத்தினேன். தினமும் காலையில், தீனி வைப்பதற்கு முன்னால், பறவையை அந்தக் கம்பில் ஏறச் சொல்லி எடை எழுதுவேன். நோய் இருந்தால் பறவை வெளியே காட்டிக்கொள்ளாது. காட்டில் சோர்ந்து தெரிகிற பறவையைத்தான் வல்லூறு தூக்கும் என்பதால் அந்தப் பழக்கம் கூண்டிலும் போகவில்லை. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற பறவை ஒரு வாரமாக எடை இழந்துகொண்டிருக்கலாம். தராசில்தான் அது தெரியும்.

கூண்டு வேலையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். அரை அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. வலை. புது வலையில் துத்தநாகப் பூச்சு தூளாக ஒட்டியிருக்கும். பறவை அலகால் கடித்து ஏறும்போது அது உள்ளே போனால் விஷம். வினிகர் விட்டுத் தேங்காய் நார் போட்டு இரண்டு தடவை தேய்த்து, கழுவி, ஒரு வாரம் வெயிலில் போட்டேன். உட்காரக் கொய்யாக் கிளையும் வேப்பங்கிளையும். கடையில் வரும் ஒரே அளவுப் பிளாஸ்டிக் கம்பில் காலம் முழுக்க நின்றால் பாதம் புண்ணாகும். கிளை என்றால் ஓரிடத்தில் தடிமன், ஓரிடத்தில் ஒல்லி. பிடி மாறிக்கொண்டே இருக்கும். வீட்டில் கொசுவர்த்தியை நிறுத்திவிட்டுக் கூண்டுக்குக் கொசுவலை தைத்தோம். நான்ஸ்டிக் தவாவையும் மனைவி தூக்கிப் போட்டுவிட்டாள். அந்தப் பூச்சு அளவுக்கு மேல் சூடானால் வரும் புகை நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். எங்கள் வீட்டில் திரும்பவும் இரும்பு தோசைக்கல்தான். காக்டெயில் உடம்பிலிருந்து மாவு போல வெள்ளைத் தூசி உதிரும் என்பதையும் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டும். இழுப்பு உள்ளவர்கள் வீட்டில் யோசித்துத்தான் செய்ய வேண்டும். நாங்கள் தினம் ஈரத்துணியால் துடைக்கிறோம்.

பெட்டியைத் தெரு முனையில் இருக்கும் ஆசாரி அண்ணன் பழைய மாம்பலகையில் செய்து கொடுத்தார். அடி பத்துக்குப் பன்னிரண்டு அங்குலம், உயரம் பன்னிரண்டு, வாசல் ஓட்டை மூன்று அங்குலம். பக்கவாட்டில் நான் எட்டிப் பார்க்க ஒரு கதவு. ஓட்டைக்கு உள்பக்கம் கீழே குறுக்காகக் கீறல் போட்டுத் தரச் சொன்னேன். இல்லாவிட்டால் உள்ளே இறங்கும் பறவை முட்டை மேலேயே தொப்பென்று விழும். "மனுஷனுக்குக்கூட இவ்ளோ யோசிச்சு ஏணி வெக்கிறதில்லை" என்று சொல்லிக்கொண்டே அழகாகப் போட்டுக் கொடுத்தார். உள்ளே இரண்டு அங்குலத்துக்கு இழைப்புச் சுருள். ரசாயனம் பூசாத மரமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

எறும்பைப் பற்றி வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் அதிகம் பேசுவதில்லை. நமக்கு அதுதான் முதல் எதிரி. பொரிந்த குஞ்சின் ஈரத்துக்குச் சிற்றெறும்பு ஒரே இரவில் வரும். கூண்டு நிற்கும் ஸ்டாண்டின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய நாலு கிண்ணத்தில் நிறுத்தினேன். தண்ணீர் வற்றாமல் பார்ப்பது மகளின் பொறுப்பு. கூண்டு சுவரைத் தொடக் கூடாது, கயிறு எதுவும் தொங்கக் கூடாது. தொட்டால் அந்த வழியாக எறும்பு வரும்.

2023 செப்டம்பர் 2-ஆம் தேதி பெட்டியை மாட்டினேன். இரண்டுக்கும் அப்போது ஒன்றரை வயதுக்கு மேல். ஒரு வயதுக்குள்ளேயே முட்டை இடத் தயாராகிவிடும் என்றாலும் அந்த வயதில் விடக் கூடாது. சாம்பு முதல் நாளே ஓட்டையில் தலையை விட்டுப் பார்த்தது. நாலாம் நாள் உள்ளே போய்ச் சுருளைக் கிளறி வெளியே வீசியது. செப்டம்பர் 14 முதல் முட்டை, 22 ஐந்தாவது. அடை காப்பதில் காக்டெயில் நேர்மையான பங்காளி. பகலில் ஆண், இரவில் பெண். மாலை ஐந்து மணிக்கு மஞ்சு ஓட்டையில் வந்து நிற்கும், சாம்பு எழுந்து வெளியே வரும். ஒருநாள்கூட முறை தவறவில்லை.

முதல் இரண்டு முட்டைக்கு அவை சரியாக உட்காரவில்லை. மூன்றாவது வந்த பிறகுதான் விடாமல் அடை தொடங்கியது. அங்கிருந்து 18 முதல் 21 நாள் கணக்கு. ஒரு வாரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். நாலில் சிவப்பு நரம்பு சிலந்தி வலை போல ஓடியிருந்தது, நடுவில் கருப்புப் புள்ளி துடித்தது. நாலாவதாக இட்ட முட்டை மட்டும் கூமுட்டை. அதை எடுக்கவில்லை. குஞ்சு பொரிந்ததும் சாய்ந்து கொள்ள அதுவும் ஒரு சூடான கல் மாதிரி உதவும்.

இங்கே ஒரு தப்பு செய்தேன். மஞ்சு தினமும் மத்தியானம் தண்ணீர்த் தட்டில் இறங்கி நெஞ்சு நனையக் குளிக்கும். ஈரத்தோடு போய் உட்கார்ந்தால் முட்டை குளிர்ந்துவிடும் என்று நினைத்துக் குளிக்கிற தட்டை எடுத்துவிட்டேன். அக்டோபர் 7 காலையில் முதல் குஞ்சு, அன்று இரவே இரண்டாவது. மூன்றாவது முட்டை பொரியவே இல்லை. 21-ஆம் நாளும் தாண்டி, டார்ச்சில் அசைவே இல்லை என்று உறுதியான பிறகு உடைத்துப் பார்த்தேன். முழுதாக வளர்ந்த குஞ்சு, மஞ்சள் பஞ்சு முளைத்து, ஓட்டை உடைக்கும் நிலையில் செத்துக் கிடந்தது. உள்சவ்வு காய்ந்த அப்பளம் போல அதன் மேல் இறுகியிருந்தது. பறவை ஈர நெஞ்சோடு போய் உட்கார்வது அந்தச் சவ்வு காயாமல் இருக்கத்தான். செப்டம்பரிலும் பகலில் 35 டிகிரி தொடும் திருச்சியில், வறண்ட மரப்பெட்டிக்குள், அந்த ஈரத்தை நான் நிறுத்தியிருந்தேன். அன்றைக்கே தட்டைத் திருப்பி வைத்தேன். ஐந்தாவது முட்டை அக்டோபர் 12 அன்று பொரிந்தது.

அந்தக் கடைசிக் குஞ்சைக் கையில் எடுத்ததும் மகளைக் கூப்பிட்டேன். மூத்தவை இரண்டுக்கும் மூடிய இமைக்குள் கண் கருப்பாகத் தெரியும். இதற்கு இளஞ்சிவப்பு. லுட்டினோ! தாய் லுட்டினோ, அப்பன் சாம்பல் என்றால் குஞ்சு எல்லாம் சாம்பலாகத்தான் வர வேண்டும். அந்த நிறம் பாலின நிறப்புரியில் (குரோமோசோமில்) மறைந்து வருவது. அப்பனுக்குள்ளும் அது ஒளிந்திருந்தால் மட்டுமே இந்த ஜோடியில் மஞ்சள் குஞ்சு வரும். சாம்புவின் அம்மாவோ அப்பாவோ யாரோ ஒருவர் வழியாக அது வந்திருக்க வேண்டும். விற்றவருக்கே அது தெரியாது. சாம்பு லுட்டினோவாகவும் மஞ்சு சாம்பலாகவும் இருந்திருந்தால் மகள்கள் எல்லாம் மஞ்சள், மகன்கள் எல்லாம் சாம்பல் என்று பொரித்த அன்றே ஆண் பெண் சொல்லிவிடலாம். எங்கள் ஜோடியில் அப்படிச் சொல்ல வழியில்லை.

இளஞ்சிவப்புக் கண்ணுக்குக் குட்டி என்று பெயர். பொரித்த அன்று 5 கிராம். அப்போது மூத்தது 15 கிராம். ஐந்து நாள் வித்தியாசம் என்பது காக்டெயில் குஞ்சுக்கு மிகப் பெரியது. மூத்தவை தலையை நீட்டிச் சத்தம் போட்டு இரையை வாங்கிக்கொள்ள, சின்னது அடியில் கிடக்கும். ஆறாம் நாள் காலையில் குட்டி 12 கிராம், மாலையிலும் 12. ஏழாம் நாள் காலை 11. வளர வேண்டிய குஞ்சு ஒரு கிராம் இறங்கினால் காத்திருக்கக் கூடாது.

பெட்டியிலிருந்து மொத்தமாக எடுக்காமல், தாய் தகப்பன் ஊட்டுவதற்கு மேல் தினம் நாலு தடவை நான் கொஞ்சம் ஊட்டிவிட்டுத் திருப்பி வைப்பது என்று முடிவு செய்தேன். குஞ்சுகளுக்கென்று விற்கும் ஃபார்முலாப் பொடி, கொதித்து ஆறிய நீர், ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்ச், ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். கூழ் 39-க்கும் 41 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இரை தங்கும் தீன்பை உள்ளே வெந்துவிடும், கீழே போனால் செரிக்காமல் தங்கும். மணிக்கட்டில் விட்டுப் பார்க்கிற வேலையை நம்பவே கூடாது. மைக்ரோவேவில் சூடாக்கினால் ஓரிடம் ஆறியும் ஓரிடம் கொதித்தும் இருக்கும். நான் வெந்நீர்க் கிண்ணத்துக்குள் கூழ்க் கிண்ணத்தை வைத்துக் கிளறிக்கொண்டே இருப்பேன்.

ஊட்டும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். டவலை நாலாக மடித்து மேசையில் விரித்து, குஞ்சை அதன் மேல் வைத்து, இடது கையின் இரண்டு விரலால் தலையை லேசாகத் தாங்கிக்கொள்ள வேண்டும். குஞ்சின் இடப்பக்க அலகு ஓரத்திலிருந்து வலப்பக்கத்தை நோக்கிச் சிரிஞ்ச் முனை போக வேண்டும். உணவுக் குழாய் கழுத்தின் வலப்பக்கம் இறங்குகிறது. நேராகச் செலுத்தினால் மூச்சுக் குழலுக்குள் போய்விடும். அலகின் ஓரத்தைத் தொட்டதும் குஞ்சு தலையைச் சுத்தியல் போல மேலும் கீழும் இடிக்கும். அந்த இடிப்பு இருக்கும்போது குழல் மூடியிருக்கும், அப்போதுதான் அழுத்த வேண்டும். இடிப்பு நின்றால் நானும் நிறுத்திவிடுவேன். நெஞ்சின் மேல் தீன்பை மெல்ல உருண்டு வரும். தோல் கண்ணாடி போல இருப்பதால் உள்ளே கூழ் நிற்பதே தெரியும். தொட்டால் தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி தளர்வாக இருக்க வேண்டும், விறைப்பாக அல்ல. முடிந்ததும் முகத்தை வெதுவெதுப்பான பஞ்சால் துடைக்க வேண்டும். காய்ந்த கூழ் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். ஒரு வேளைக்கு உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு. அதாவது 11 கிராம் குஞ்சுக்கு ஒரு மில்லி. அவ்வளவுதான்.

எட்டாம் நாள் 13, ஒன்பதாம் நாள் 16. கண் திறந்தது. பதினாலாம் நாள் 38. மூத்தவற்றைவிடக் குறைவுதான், ஆனால் கோடு மேலே ஏறியது. பதினெட்டாம் நாளிலிருந்து முழுக்க என் கையில் வளர்ந்தது. ஒருமுறை கரண்ட் இல்லாத இரவில் கூழ் ஆறிப்போய் 35 டிகிரியில் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் தீன்பை காலியாகாமல் மாவு உருண்டையாக இருந்தது. அடுத்த வேளையை நிறுத்தி, ஒரு மில்லி வெதுவெதுப்பான நீர் மட்டும் கொடுத்து, விரல் நுனியால் மெல்ல நீவினேன். மத்தியானத்துக்குள் இறங்கியது. இறங்காமல் இருந்திருந்தால் மருத்துவரிடம்தான் போயிருப்பேன். தீன்பை ஒருநாளைக்கு ஒரு தடவையாவது முழுக்கக் காலியாக வேண்டும்.

நவம்பர் 12 தீபாவளி. காக்டெயிலுக்கு இருட்டில் திடீர் பயம் வந்தால் கூண்டெங்கும் முட்டி மோதும். பின்னிரவில் தெருவில் போட்ட ஒரு சரவெடியில் சாம்பு பறந்து மோதி, முளைத்துக்கொண்டிருந்த இறக்கைக் குருத்து ஒடிந்து ரத்தம் வந்தது. சோளமாவை அழுத்திப் பிடித்தேன், ஐந்து நிமிடத்தில் நின்றது. அன்று முதல் வராந்தாவில் இரவெல்லாம் ஒரு ஜீரோ வாட் பல்பு எரிகிறது. தீபாவளி வாரத்தில் மட்டும் கூண்டு நடு அறைக்கு வந்துவிடும்.

சரி, மார்ச் 9-க்கு எப்படி வந்தோம்? முதல் ஈடு முடிந்த பிறகு பெட்டியை நான் கழற்றவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் மறுபடி நாலு முட்டை, நாலும் பொரிந்தன. எல்லோருக்கும் மகிழ்ச்சி. தெரிந்தவர்கள் வந்து குஞ்சு கேட்டார்கள். மழைக்குக் கூண்டை நடு அறைக்கு மாற்றியவன் பிப்ரவரி வரை அங்கேயே விட்டுவிட்டேன். கண்ணாடி ஜன்னல் வழியாக வெயில் விழுகிறதே என்று இருந்துவிட்டேன். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் வருவதில்லை. அது இல்லாமல் கால்சியம் உடம்பில் ஏறாது. தீனியும் பெரும்பாலும் தினை, சூரியகாந்தி விதை. கால்சியத்துக்காகக் கணவாய் ஓடு ஒன்று தொங்கியது, கூண்டின் கடைசி மூலையில், யாரும் கொத்தாமல். ஏழு மாதத்துக்குள் மூன்றாவது ஈடு. மார்ச் 7 அன்று மஞ்சு இட்ட முதல் முட்டையின் ஓடு சுண்ணாம்புத் தூள் தூவியது போல சொரசொரப்பாக இருந்தது. "ஓடு சொரசொரப்பு" என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். எழுதினேனே தவிர ஒன்றும் செய்யவில்லை.

9-ஆம் தேதி காலையில் செய்தது இது. ஓர் அட்டைப் பெட்டி, ஒரு பக்கம் 40 வாட் குண்டு பல்பு, கம்பித் தடுப்பு, உள்ளே ஒரு கிண்ணம் வெந்நீர், அடியில் ஈரத் துண்டு. தெர்மாமீட்டர் 31 காட்டும்படி பல்பைத் தள்ளித் தள்ளி வைத்தேன். சூடு அதிகமென்றால் நகர்ந்துகொள்ள மறுபக்கம் இருட்டாக விட்டேன். சூடும் ஈரமும் கிடைத்தால் தசை தளரும். அம்மா விளக்கெண்ணெய் தடவச் சொன்னார். வேண்டாம் என்றேன். இறகில் எண்ணெய் ஒட்டினால் பறவையால் உடம்புச் சூட்டைக் காக்க முடியாது. முட்டையை அமுக்கித் தள்ளுவதும் கூடாது. உள்ளே உடைந்தால் ஓட்டுச் சில்லு குழாயைக் கிழித்துவிடும். ஒன்பது மணிக்குப் பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் பெட்டியோடு போனோம். கால்சியம் ஊசி போட்டார், திரும்பவும் சூட்டிலேயே வைக்கச் சொன்னார். மதியம் 12.40-க்கு மகள் கத்தினாள். ஈரத் துண்டின் மேல் தோல் போன்ற ஓட்டோடு ஒரு முட்டை. அழுத்தினால் குழிந்தது. மஞ்சு அதற்குப் பக்கத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தது. நாலு மணிக்கு எழுந்து ஒரு கொத்து தினைக்கதிர் தின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

பெட்டியை அன்றே கழற்றினேன். சாதாரண நாளில் முட்டையைப் பாதியில் எடுத்தால் ஈடு கட்டத் திரும்ப இடும், அதனால் 21 நாள் உட்கார விட்டு எடுப்பதுதான் முறை. அன்று வேறு வழியில்லை. மருத்துவர் சொன்னபடி மாலை ஆறு முதல் காலை ஏழு வரை இருட்டு, கூண்டை வேறு மூலைக்கு மாற்றினேன், தூங்கும் கிளைகளை இடம் மாற்றினேன், கூழ் போன்ற மென்மையான உணவை நிறுத்தினேன். 11-ஆம் தேதி தரையில் இன்னொரு முட்டை இட்டது, ஓடு ஓரளவு கெட்டி. அதோடு நின்றது.

தீனி மாற்றத்துக்கு மூன்று வாரம் பிடித்தது. விதை தின்று பழகிய காக்டெயில் கீரையைப் பார்த்தால் பாம்பைப் பார்த்தது போல ஒதுங்கும். காலையில் பசியோடு இருக்கும்போது முருங்கைக் கீரையை ஈர்க்கோடு நனைத்துக் கம்பியில் கிளிப் போட்டு மாட்டுவேன், ஒரு மணி நேரம் கழித்துத்தான் விதை. முதல் வாரம் தொடவில்லை. இரண்டாம் வாரம் சாம்பு இலையைக் கிழித்து விளையாடியது. கிழிக்கும்போது கொஞ்சம் உள்ளே போகும். அதைப் பார்த்து மஞ்சுவும் வந்தது. எடை தினம் பார்த்தேன், ஐந்து கிராம் இறங்கினால் பழைய தீனிக்கே திரும்பிவிடுவது என்று எனக்கு ஒரு கணக்கு. இறங்கவில்லை. இப்போது தினை, சாமை, கம்பு கலவை. சூரியகாந்தி விதை கையிலிருந்து மட்டும், நாளைக்கு நாலைந்து. முளைகட்டிய பச்சைப்பயறு, துருவிய கேரட், வாரம் இரண்டு தடவை ஓட்டோடு மசித்த வேகவைத்த முட்டை. கணவாய் ஓட்டை நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் தருவார்கள். இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து உப்பு போக்கி, வெயிலில் காயவைத்து, அவை உட்காரும் கிளைக்குப் பக்கத்திலேயே கட்டினேன். இடம் மாறியதும் கொத்தத் தொடங்கிவிட்டன. வெயில் நேரடியாக, காலை ஏழு முதல் எட்டு வரை, பாதிக் கூண்டில் நிழலோடு.

குஞ்சுகளில் குட்டி எங்களிடமே இருக்கிறது. ஏழு மாதத்தில் விசில் அடிக்கத் தொடங்கியது, அதனால் ஆண் என்று தெரிந்தது. மற்றவை இரண்டிரண்டாகப் போயின. பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குத் தனிப் பறவை தரவில்லை. எடுத்துப் போனவர்களிடம் தராசு ஒன்று வாங்கச் சொன்னேன். பெரும்பாலோர் வாங்கியிருக்கிறார்கள்.

2024 அக்டோபர் 20 காலை: மஞ்சு 96, சாம்பு 91, குட்டி 88. மஞ்சுவுக்கு இறகு உதிர்ந்து முளைக்கிறது, கழுத்தில் முள் முள்ளாகக் குருத்து. ஆசாரி அண்ணன் செய்த பெட்டி கழுவிக் காயவைத்துப் பரணில் இருக்கிறது. இறகு முழுக்க முளைத்து முடிந்து, எடை ஒரு மாதம் ஆடாமல் நின்றால், தை பிறந்ததும் இறக்குவேன். வருடத்துக்கு ஒரு ஈடு, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் கிடையாது.